நிலவறையில் வளர்ந்த இசை

இசைக்குக் குரலும் கருவியும் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அவை ஒலிப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதையும், அவ்விடத்திற்கு மாதந்தோறும் ஒருவர் வாடகை செலுத்தியாக வேண்டும் என்பதையும் இசை வரலாறு எழுதியோர் பெரிதாக எண்ணியதில்லை. பாடகரின் வரலாறு உண்டு. பாட்டின் வரலாறும் உண்டு. பாட்டுப் பிறந்த கூடத்தின் வரலாறோ அரிதாகவே காணப்படுகிறது.

ஈண்டுக் கூற வந்தது அரசாங்கம் கட்டிய பேரரங்குகளைப் பற்றியதன்று. மேனாட்டு நகரங்களில், நூறு முதல் முந்நூறு பேர் வரை நெருங்கி நின்று இசை கேட்கத்தக்க சிற்றரங்குகள் பல உள்ளன. கடைத்தெருவின் நிலவறையிலும் பழைய மதுக்கடையின் பின்கூடத்திலும் அவை நடைபெறும். தனியொருவரோ, நண்பர் இருவரோ, ஒரு குடும்பத்தாரோ அவற்றை நடத்துவர். நுழைவுச் சீட்டு விற்ற பணமும் பானங்கள் விற்ற பணமுமே வருவாய். பெயர் பெறாத இளைஞர்கள் முதன்முதலில் ஊரார் முன் நின்று பாடுவது இங்கேதான். இத்தகைய அரங்குகள் சென்ற அரை நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வந்துள்ளன.

கேட்போர் குறைந்தமையால் மூடினர் என்று பலர் எளிதாகக் கூறிவிடுவர். புகழ்பெற்ற அரங்குகளின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அவ்வாறு தோன்றவில்லை. அரங்கு நிறைந்திருந்தது, அரங்கின் கீழிருந்த நிலம் வேறொருவருடையதாக இருந்தது. அழிந்தவற்றின் கதையும் இதுவே. பிழைத்தவை பிழைத்த வகையும் இதனோடு தொடர்புடையதே.

மேத்தியூ தெருக் குகை

இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலில் மேத்தியூ தெரு என்றொரு குறுகிய தெரு உண்டு. அங்கிருந்த பண்டகசாலை ஒன்றின் நிலவறை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுவீச்சிலிருந்து மக்கள் ஒளிந்துகொள்ளும் புகலிடமாகப் பயன்பட்டது. 1957ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் ஆலன் சைட்னர் என்பவர் அதில் ஜாஸ் இசைக்கூடம் ஒன்றைத் திறந்தார். பாரிஸ் நகரில் தாம் கண்ட நிலவறை இசைக்கூடம் ஒன்றை மனத்திற்கொண்டு, இதற்குக் 'கேவர்ன்', அதாவது குகை என்று பெயரிட்டார். பெயருக்கேற்ற இடமே அது. செங்குத்தான படிகளில் இறங்கிச் சென்றால், செங்கல் வளைவுகளைக் கொண்ட மூன்று சுரங்க வழிகள். காற்றோட்டம் கிடையாது. கூட்டம் கூடினால் மனிதரின் மூச்சும் வியர்வையும் சுவரில் நீராய் வழியும். தொடக்கத்தில் மது விற்கும் உரிமமும் அதற்கு இல்லை. காப்பியும் குளிர்பானமுமே கிடைத்தன.

நடுப்பகல் உணவு வேளையிலும் அங்கே இசை நடைபெற்றது என்பது கருதத்தக்கது. அருகிலிருந்த அலுவலகங்களில் தட்டெழுதும் பெண்களும் கடைச் சிப்பந்திகளும் ஒரு மணி நேர ஓய்வில் இறங்கி வந்து, பாட்டுக் கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவர். அத்தகைய நடுப்பகல் நிகழ்ச்சி ஒன்றில்தான் 1961 பிப்ரவரி 9ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் அக்கூடத்தில் அப்பெயரோடு முதன்முறையாக ஏறினர். குழு முழுவதற்கும் கிடைத்த ஊதியம் 5 பவுன். 1963 ஆகஸ்டு 3ஆம் நாள் வரை அவர்கள் அங்கே ஏறத்தாழ 290 முறை வாசித்தனர். எந்த இசைக் கல்லூரியில் இத்தனை முறை மேடையேற்றுவர்? தவறு செய்யவும், தவற்றை மறுநாளே திருத்திக்கொள்ளவும், முன்வரிசையிலிருப்போரின் முகக்குறிப்பைப் படிக்கவும் அவர்களுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் அந்த ஈரச் சுவர்தான். அவர்களின் மேலாளராகிய பிரையன் எப்ஸ்டீன் 1961 நவம்பர் 9இல் அவர்களை முதன்முதலாகக் கண்டதும் அங்கேதான்.

குழு உலகப் புகழ் பெற்றது. கூடமோ கடனில் மூழ்கியது. 1966 பிப்ரவரியில் அதை மூட வந்தபோது இளைஞர்கள் உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டனர். அதே ஆண்டு ஜூலைத் திங்களில் புதியவர்கள் அதனை மீண்டும் திறந்தனர். திறந்து வைத்தவர் அந்நாட்டின் பிரதமராகிய ஹெரால்டு வில்சனே. பிரதமர் வந்து திறந்த கூடம் ஏழு ஆண்டுகள்தான் நின்றது. நிலத்தடி இரயில் பாதைக்குக் காற்றுப் போக்கி ஒன்று அமைப்பதற்கு அவ்விடம் தேவையென்று கூறி, 1973 மே திங்களில் கூடத்தை மூடினர். மேலிருந்த பண்டகசாலையை இடித்து, அந்த இடிபாட்டைக் கொண்டே நிலவறையை நிரப்பினர்.

காற்றுப் போக்கி கட்டப்பட்டதா என்று வினவுவீர்கள். கட்டப்படவேயில்லை. அவ்விடம் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் வெளியாகக் கிடந்தது. 1980ஆம் ஆண்டு ஜான் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே, லிவர்பூல் நகரம் தான் எதை மண்ணிட்டு மூடியது என்பதை உணரத் தலைப்பட்டது. தோண்டிப் பார்த்தபோது பழைய வளைவுகள் மீண்டும் பயன்படும் நிலையில் இல்லை. பழைய செங்கற்களில் 15,000 வரை எடுத்து, அந்நிலத்தின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிப் பழைய வடிவிலேயே புதிதாக ஒன்று கட்டி, 1984இல் திறந்தனர். இன்று சுற்றுலாப் பயணிகள் சென்று நின்று படமெடுத்துக்கொள்வது இந்தப் புதிய குகையில்தான்.

நம்மவர்க்கும் இதில் ஓர் ஒப்புமை தோன்றக்கூடும். பொதுமக்கள் செங்கல்லுக்கு ஒரு வெள்ளி என்று கொடுத்து எழுப்பிய சிங்கப்பூர்த் தேசிய அரங்கு 1963இல் திறக்கப்பெற்று, 1986இல் இடிக்கப்பட்டது. கட்டடத்தின் உறுதி குறைந்ததும், அதனருகே விரைவுச்சாலைச் சுரங்கம் வரவிருந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. அது அரசாங்கம் நடத்திய பேரரங்கு. நம் பொருளுக்கு உரியதன்று. எனினும் சுரங்கப் பாதைக்கும் பாட்டுக்கும் வழக்கு நேர்ந்தால் வெல்வது எது என்பதை இரண்டு நகரங்களும் ஒரே வகையாகவே காட்டியுள்ளன.

வாடகையும் அண்டை வீட்டாரும்

சிற்றரங்கை மூடச் செய்வன பெரும்பாலும் இரண்டு. ஒன்று வாடகை. நியூயார்க்கின் பவரி வீதியில் 1973ஆம் ஆண்டின் இறுதியில் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் தொடங்கிய 'சிபிஜிபி' என்னும் கூடத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் முதலிய குழுக்கள் வளர்ந்தது அங்கே. வீதி அப்பொழுது குடிகாரரும் வீடற்றோரும் கிடந்த இடம். ஆகவே வாடகை மலிவு. இசை கேட்கக் கூட்டம் வந்தது. கூட்டத்தைத் தொடர்ந்து கடைகள் வந்தன. கடைகளைத் தொடர்ந்து செல்வர் வந்தனர். நிலத்தின் விலை ஏறிற்று. முடிவில் வாடகை வழக்கு முற்றி, 2006 அக்டோபர் 15ஆம் நாள் பட்டி ஸ்மித் பாடிய நிகழ்ச்சியோடு கூடம் மூடப்பட்டது. அக்கட்டடத்தைக் கையில் வைத்திருந்தது கொடிய நில முதலாளி யாருமல்லர். வீடற்ற ஏழைகளுக்கு உதவும் தொண்டு நிறுவனம். ஒருபுறம் ஏழைகளின் படுக்கை, மறுபுறம் இளைஞரின் இசை. இரண்டில் எதற்கு எதிராகப் பேசுவது? 2008இல் அதே இடத்தில் விலையுயர்ந்த ஆடைகள் விற்கும் கடை வந்தது. அரங்கு தன் புகழால் உயர்த்திய நிலவிலையே அதன் கழுத்தை நெரித்தது என்று சொன்னால் மிகையாகாது.

மற்றொன்று அண்டை வீட்டார். முப்பது ஆண்டுகளாக ஓர் அரங்கு இரவு பதினொரு மணி வரை ஒலித்துக்கொண்டிருக்கும். பக்கத்திலிருந்த பழைய தொழிற்சாலையை ஒருவர் வாங்கி அடுக்குமாடி வீடுகளாக மாற்றுவார். குடிவந்தோர் முதல் வாரத்திலேயே ஓசை மிகுதியென்று நகராட்சிக்கு எழுதுவர். உறங்க விரும்புவது குற்றமா? இல்லை. ஆனால் பழைய சட்டம் யார் முன்னே வந்தார், யார் பின்னே வந்தார் என்று பார்க்கவில்லை. ஓசை எழுப்புவோர் எவரோ அவரையே அடக்கிற்று. ஒலி புகாச் சுவர் எழுப்ப அரங்கு நடத்துவோரிடம் பணமில்லை. வீடு கட்டி விற்றவரோ பணத்துடன் போய்விட்டார்.

இவ்விரண்டின் விளைவையும் இலண்டன் நகர மேயரின் பணிக்குழு 2015ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டது. 2007இல் 136 ஆக இருந்த இலண்டனின் சிறு இசையரங்குகள் 2015இல் 88 ஆகக் குறைந்திருந்தன. எட்டே ஆண்டுகளில் நூற்றுக்கு 35 பங்கு மறைந்தது.

மெல்பர்ன் கண்ட வழி

இச்சிக்கலுக்குச் சட்டத்தின் வாயிலாக விடை தேடியவர்களுள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தார் முன்னணியில் நிற்கின்றனர். அவ்விடை எளிதில் வந்துவிடவில்லை. மெல்பர்னில் இரவு நேர வன்முறைகள் பெருகியபோது, நேரடி இசை நடைபெறும் மதுக்கூடங்களையெல்லாம் ஆபத்து மிக்கவை என்று அதிகாரிகள் வகைப்படுத்தினர். எத்துணைச் சிறிய கூடமாயினும் காவலர்களை அமர்த்த வேண்டும், கண்காணிப்புக் கருவிகள் வைக்க வேண்டும் என்று உரிமத்தில் விதி சேர்த்தனர். மூலையில் ஒருவர் கிதார் மீட்ட, நாற்பது பேர் அமர்ந்து கேட்கும் இடத்திற்கும் அதே விதி! கொலிங்வுட் பகுதியிலிருந்த 'தி டோட்' என்னும் பழம்பெரும் கூடம், செலவு தாங்காமல் 2010 ஜனவரியில் கதவை மூடிற்று.

அதன்பின் நடந்தது அந்நகரம் முன்பு காணாதது. 2010 பிப்ரவரி 23ஆம் நாள் பல்லாயிரவர் நகர வீதிகளில் ஊர்வலமாகச் சென்று மாநிலப் பாராளுமன்றத்தின் முன் கூடினர். ஏசி டிசி என்னும் ராக் இசைக்குழு திறந்த லாரியின் மீது நின்று பாடியபடி 1976இல் மெல்பர்ன் வீதியிற் சென்றதும் இதே பிப்ரவரி 23இல்தான். அந்நாளை நினைந்தே ஊர்வல நாளைக் குறித்தனர். இசை கேட்போர் வாக்காளருமாவர் என்பது அன்று அரசினர்க்கு விளங்கிற்று. நேரடி இசைதான் வன்முறைக்குக் காரணம் என்ற கொள்கை அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. 'தி டோட்' ஜூன் திங்களில் புதியவர்களின் கையில் மீண்டும் திறந்தது.

2014ஆம் ஆண்டில் அம்மாநிலம் தன் நகரமைப்பு விதிகளில் ஒரு புதிய நெறியைச் சேர்த்தது. மாற்றத்தைக் கொணர்பவரே அதன் விளைவுக்குப் பொறுப்பாவார் என்பது அந்நெறி. ஏற்கெனவே இயங்கும் இசையரங்கிலிருந்து 50 மீட்டருக்குள் ஒருவர் வீடு கட்டினால், ஓசை உட்புகாத சுவரும் சாளரமும் அமைப்பது அவர் கடன். வீடுகளுக்கு நடுவே புதிதாக ஓர் அரங்கு திறக்க ஒருவர் வந்தால், ஓசை வெளிச்செல்லாமற் காப்பது அவர் கடன். இரு தரப்பாரையும் ஒரே அளவுகோலால் அளப்பதே இதன் சிறப்பு. இசையை விரும்பாதவரும் இதில் குறை காண்பது அரிது.

இங்கிலாந்து இதனைப் பின்பற்றச் சில ஆண்டுகள் ஆயின. மார்க் டேவிட் என்பவர் 2014இல் நிறுவிய 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' என்னும் அறக்கட்டளை இதற்காக இடைவிடாது உழைத்தது. ஜான் ஸ்பெல்லர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் 2018 ஜனவரியில் இதற்கென ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவருக்கு ஆதரவாக இசைக்கலைஞர் பலர் பாராளுமன்ற வாயிலில் திரண்டனர். மசோதா சட்டமாகவில்லை. எனினும் அதன் கருத்து அவ்வாண்டு ஜூலையில் இங்கிலாந்தின் தேசிய நகரமைப்புக் கொள்கையில் இடம்பெற்றது. தோற்ற மசோதா வெற்றி பெற்ற கொள்கையாக மாறிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

100ஆம் எண் நிலவறை

சட்டம் அண்டை வீட்டாரிடமிருந்து காக்கும். வாடகைக்கும் வரிக்கும் அது மருந்தாகாது. இலண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில் 100ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் 1942 அக்டோபர் 24 முதல் இசை ஒலித்து வருகிறது. போரின் நடுவில், விளக்கணைத்த நகரில், இராபர்ட் ஃபெல்ட்மன் என்பவர் ஓர் உணவு விடுதியின் கீழ்த்தளத்தை ஞாயிறு மாலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து ஜாஸ் இசை நடத்தினார். அவருடைய தம்பி விக்டர் எட்டு வயதிலேயே அங்கே முரசு வாசித்தான். பிற்காலத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் அம்மேடையில் வாசித்தார். 1976 செப்டம்பரில் இரண்டு நாள் நடந்த பங்க் இசை விழாவில் செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் முதலிய குழுவினர் ஏறினர்; அவ்விரண்டு இரவுகளைக் குறிப்பிடாத பங்க் இசை வரலாறு இல்லை எனலாம்.

இத்துணைப் பழம்பெருமை வாய்ந்த அக்கூடம், வாடகையும் வணிக வரியும் ஏறியதால் 2010இல் மூடும் நிலையை அடைந்தது. அன்பர்கள் நிதி திரட்டினர். பால் மெக்கார்ட்னி டிசம்பர் 17ஆம் நாள் நடுப்பகலில் வந்து பாடினார். குகையில் நடுப்பகல் நேரத்திற் பாடி வளர்ந்தவர் அல்லரோ! இறுதியில் 2011இல் கன்வர்ஸ் என்னும் காலணி நிறுவனம் பொருளுதவி செய்து அதனை நிலைநிறுத்தியது. கைதூக்கிவிட்டவரைக் குறை கூறுவது முறையன்று. ஆயினும் ஒரு நிறுவனத்தின் விளம்பரக் கணக்கு ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. அதன்மேல் கட்டிய அரங்கு கடற்கரை மணல்மேல் கட்டியதாகவே இருக்கும். இதனினும் உறுதியானது 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் நகரவை செய்த உதவி. அக்கூடத்தின் வணிக வரி முழுவதையும் அது தள்ளுபடி செய்தது. ஓரிரு திங்களில் கொள்ளைநோய் பரவி, உலகெங்கும் அரங்குகள் அடைபட்டன.

அந்நோய்க்காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் சுருங்கக் கூறவேண்டும். தமக்குள் போட்டியிட்டு வந்த தனியார் அரங்கினர் 2020இல் முதன்முறையாக ஒரு சங்கமாகக் கூடினர். கட்சியால் வேறுபட்ட ஏமி குளோபுச்சர், ஜான் கார்னின் என்னும் இரு செனட்டர்கள் அவர்களுக்காக ஒரே மசோதாவில் கையெழுத்திட்டனர். டிசம்பரில் நிறைவேறிய அவ்வுதவித் திட்டத்திற்கு, அடுத்த ஆண்டு சேர்த்ததையும் கூட்டி, 1,625 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. பெருந்தொகைதான். பலரை அது காத்தது. ஆனால் அது நெருக்கடிக்கு வந்த உதவி. அதில் ஒரு பகுதி அரங்கினர் கைவழியே வாடகையாக நிலவுடைமையாளரைச் சென்றடைந்திருக்கும் என்பதும் தெளிவு.

நிலத்தையே வாங்குதல்

இனி, நிலம் வேறொருவருடையது என்ற மூலத்தையே மாற்ற முயன்றோரைக் காண்போம். இதற்கு முன்னோடி சிற்றரங்கன்று; 1891இல் சைக்காவ்ஸ்கியே வந்து இசை நடத்தித் திறந்த நியூயார்க்கின் கார்னகி மண்டபம். 1950களில் அதன் உரிமையாளர் அதனை விற்க முனைந்தார். நகரத்தின் சிம்பொனி இசைக்குழு லிங்கன் மையத்திற்குக் குடிபோக இருந்தது. மண்டபத்தை இடித்து 44 மாடிக் கட்டடம் எழுப்பும் வரைபடமும் ஆயத்தமாயிற்று. வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று ஒரு குழுவை அமைத்தார். 1960இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதி வழங்க, நியூயார்க் நகரமே 50 இலட்சம் வெள்ளிக்கு மண்டபத்தை வாங்கி, இலாப நோக்கமற்ற ஒரு சங்கத்திடம் ஒப்படைத்தது. மண்டபம் இன்றும் நிற்கிறது.

நகரமே வாங்கும் பேறு நூறு பேர் நிற்கும் நிலவறைக்குக் கிட்டுமா? கிட்டாது. ஆகவே சிற்றரங்கினர் பொதுமக்களிடம் சென்றனர். மெல்பர்னின் 'தி டோட்' 2023இல் விற்பனைக்கு வந்தபோது, அந்நகரிலேயே வேறொரு சிறு இசைக்கூடம் நடத்திவந்தவர்கள் மக்களிடம் கையேந்தி 30 இலட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி திரட்டினர். எஞ்சிய தொகையைத் தாமே தேடி அதனை வாங்கினர். அக்கட்டடம் என்றும் இசைக்கே பயன்படுமாறு ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைப்பதாகவும் வாக்களித்தனர்.

இங்கிலாந்தில் இம்முயற்சி இன்னும் விரிந்த அளவில் நடைபெற்றது. முன்னர்க் குறிப்பிட்ட அறக்கட்டளை அந்நாட்டுச் சிற்றரங்குகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 93 அரங்குகள் வாடகை இடத்தில் நடப்பதைக் கண்டது. 2023இல் மட்டும் 125 அரங்குகள் நேரடி இசையை இழந்தன என்றும் அது அறிவித்தது. 2024 மே திங்களில் பாராளுமன்றக் குழு ஒன்று, பேரரங்குகளில் விற்கும் நுழைவுச் சீட்டுகளிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கிச் சிற்றரங்குகளுக்கு வழங்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதனைத் தொழிலார் தாமாகவே முன்வந்து செய்யவேண்டும் என்று அரசினர் அவ்வாண்டு நவம்பரில் கூறினர். தாமாக முன்வருவோர் சிலர் உண்டு. கோல்டுப்ளே குழுவினர் 2025ஆம் ஆண்டு பிரிட்டனில் நடத்தும் பெரு நிகழ்ச்சிகளின் வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் தருவதாக அறிவித்தனர். எல்லாரும் அவரைப் போலாவர் என்று எதிர்பார்ப்பது கடினம்.

அவ்வறக்கட்டளையார் நிலம் வாங்குவதற்கென்றே தனியாக ஒரு கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தி, பங்கு வாங்குமாறு மக்களை அழைத்தனர். 1,200க்கு மேற்பட்டோர் 20 இலட்சம் பவுனுக்கு மேல் கொடுத்தனர். அப்பணத்தைக் கொண்டு 2023 அக்டோபரில் அவர்கள் வாங்கிய முதற் கட்டடம் இலண்டனில் இல்லை. மான்செஸ்டர் நகரையடுத்த ஆதர்ட்டன் என்னும் சிற்றூரில், பகலில் காப்பிக்கடையாகவும் இரவில் இசையரங்காகவும் நடக்கும் 'தி ஸ்னக்' என்னும் சிறு கூடம். சுமார் நூறு பேர் நிற்கலாம். அதன்பின் வேல்ஸின் ஸ்வான்சி, நியூபோர்ட் நகரங்களிலும் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரிலும் ஒவ்வோர் அரங்கை வாங்கினர். கூடத்தை நடத்துவோர் முன்போலவே வாடகை செலுத்துகின்றனர். இசை நடைபெற வேண்டும் என்பது குத்தகையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.